கடலோரத் தண்ணீரில் செடி வைத்த மீன்தொட்டி: இராமநாதபுரத்து வீடுகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

"உள்ளே நாலு செடி வச்சிடுங்க, தண்ணி தானா சுத்தமாயிடும்" என்று மீன் விற்கிறவர் சொல்லி அனுப்புவார். பாதி உண்மை. மீன் விடும் கழிவைச் செடி எடுத்துக்கொள்ளும். தண்ணீரில் ஏற்கெனவே கரைந்து கிடக்கும் உப்பை அது பெரிதாகத் தொடாது. சிறுவாணித் தண்ணீர் வருகிற கோயம்புத்தூர் வீட்டில் இந்த வித்தியாசம் கண்ணில் படாது. மண்டபம், கீழக்கரை, தங்கச்சிமடம், தொண்டி பக்கம் தொட்டி வைக்கிறவருக்கு மொத்தச் சிக்கலும் இதில்தான் இருக்கிறது. அதனால் நம் ஊரில் வேலையின் வரிசை வேறு: முதலில் தண்ணீரைப் பார்க்க வேண்டும், அப்புறம் மணல், அப்புறம் செடி, கடைசியில்தான் மீன்.

முதல் வேலை: எந்தத் தண்ணீர்?

கடலோர வீடு ஒன்றில் நாலைந்து வகைத் தண்ணீர் இருக்கும். குழாயில் வரும் காவிரி கூட்டுக் குடிநீர், வீட்டு போர் அல்லது கிணறு, லாரியிலோ தள்ளுவண்டிக் குடத்திலோ வாங்கும் நல்ல தண்ணி, ஆர்.ஓ. கேன், மழைக்காலத்தில் மாடித் தண்ணீர். எல்லாவற்றையும் தனித்தனி டம்ளரில் பிடித்து, கரைந்த உப்புகளின் மொத்த அளவைக் காட்டும் டிடிஎஸ் பேனாவை விட்டுப் பாருங்கள். பேனா விலை மலிவு, மீன்தொட்டிக்கு வாங்கும் முதல் பொருள் இதுவாகவே இருக்கட்டும்.

நான் வைத்துக்கொள்ளும் அளவு இது. 300 பிபிஎம்முக்குள் (லிட்டருக்கு 300 மில்லிகிராம்) இருந்தால் பெரும்பாலான செடிகள் வரும். 300 முதல் 700 வரை என்றால் கடுந்தண்ணீர் (கால்சியம், மக்னீசியம் மிகுந்த தண்ணீர்) தாங்கும் செடிகளும் கப்பி, மோலி, பிளாட்டி போன்ற குட்டி போடும் மீன்களும் போதும் என்று இருந்துவிட வேண்டும். 1000 தாண்டினால் கலக்காமல் பயன்படுத்தக் கூடாது. 2000க்கு மேல் போனால் நன்னீர்த் தொட்டி ஆசையை அந்தத் தண்ணீரில் தீர்த்துக்கொள்ள முடியாது.

கலப்பது சுலபம். போர் தண்ணீர் 1200, ஆர்.ஓ. தண்ணீர் 50 என்று வையுங்கள். ஒரு பங்கு போர், இரண்டு பங்கு ஆர்.ஓ. சேர்த்தால் சுமார் 430 வரும். முழுக்க முழுக்க ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றுவதும் தப்பு. அதில் கால்சியமும் மக்னீசியமும் இருக்காது, பைகார்பனேட் இருக்காது. செடிக்கும் உணவு குறையும், பிஹெச்சும் (தண்ணீரின் அமில, கார அளவு) ஓரிடத்தில் நிற்காது.

கிணற்றுத் தண்ணீரை ஒருமுறை அளந்துவிட்டு அதையே வருஷம் முழுக்க நம்பக் கூடாது. தனுஷ்கோடி மணலில் கொஞ்சம் ஆழம் கையால் தோண்டினாலே குடிக்கிற மாதிரி தண்ணீர் ஊறும் என்பது நமக்குத் தெரிந்ததுதான். மணலில் இறங்கிய மழைநீர், கடல்நீரைவிட எடை குறைந்ததால் அதற்கு மேல் மெல்லிய அடுக்காக மிதந்து நிற்கிறது. மேலே இருப்பதை மட்டும் அள்ளினால் நல்ல தண்ணி. மோட்டார் போட்டு இழுத்தால் கீழே இருக்கும் உப்பு மேலே ஏறிவிடும். கடலோரக் கிணறுகள் பலவற்றுக்கும் இதே கதைதான். மார்கழியில் 400 காட்டிய கிணறு சித்திரையில் எங்கே போய் நிற்கும் என்று பேனாதான் சொல்ல வேண்டும்.

மழைத் தண்ணீர் கிடைத்தால் விடாதீர்கள். ஐப்பசியில் முதல் இரண்டு மூன்று மழையை மாடியைக் கழுவ விட்டுவிட்டு, அப்புறம் வருவதை மூடி போட்ட டிரம்மில் பிடித்து வையுங்கள். கலப்பதற்கு ஆர்.ஓ. தண்ணீரைப் போலவே உதவும், காசும் மிச்சம்.

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். அகலமான பக்கெட்டில் ஊற்றி, ஏர் பம்ப் போட்டு ஒரு நாள் வையுங்கள். அவசரம் என்றால் கடையில் கிடைக்கும் குளோரின் நீக்கி சில சொட்டு. தொட்டி மருந்து என்று பெயர் போட்ட நீல பாட்டில், மஞ்சள் பாட்டில் வேறெதுவும் இப்போது தேவையில்லை.

செடி உண்மையில் என்ன செய்கிறது?

மீன் தன் செவுள் வழியாக அம்மோனியாவை விட்டுக்கொண்டே இருக்கும். மிச்சமான தீனியும் அழுகிய இலையும் அதையே கூட்டும். ஃபில்டரிலும் மணலிலும் குடியேறும் பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும். முதல் இரண்டும் மீனுக்கு விஷம், மூன்றாவது அதிகமானால் மட்டும் தொந்தரவு.

செடி இந்த வரிசையின் தொடக்கத்திலேயே கை வைக்கிறது. நைட்ரேட்டை எடுத்துப் பயன்படுத்த செடிக்கு அதிகச் சக்தி செலவாகும். அதனால் பெரும்பாலான நீர்ச்செடிகள் அம்மோனியம் கிடைத்தால் அதைத்தான் முதலில் எடுக்கும். விஷம் விஷமாகவே இருக்கும் கட்டத்தில் அதை இழுத்து இலையாகவும் தண்டாகவும் ஆக்கிவிடுகிறது. அந்தத் தண்டை நாம் வெட்டி வெளியே எடுக்கும்போதுதான் கழிவு தொட்டியைவிட்டு நிஜமாக வெளியேறுகிறது. வெட்டாமல் விட்டு, இலை உள்ளேயே அழுகினால் எடுத்ததெல்லாம் திரும்பத் தண்ணீருக்கே வந்துவிடும்.

இந்த வேலை நம் ஊரில் ஏன் கூடுதல் முக்கியம் என்றால், பிஹெச்சால். தண்ணீரில் அம்மோனியா இரண்டு வடிவில் இருக்கும். ஒன்று அதிகம் தீங்கில்லாத அம்மோனியம், இன்னொன்று மீனைக் கொல்லும் அம்மோனியா. 28 டிகிரி சூட்டில், பிஹெச் 7 என்றால் மொத்தத்தில் 1 சதவீதம்கூட விஷ வடிவில் இருக்காது. பிஹெச் 8 ஆனால் 6, 7 சதவீதம். 8.5 ஆனால் 18 சதவீதம் வரை ஏறும். சுண்ணாம்பு நிறைந்த கடலோரத் தண்ணீர் 8ஐ ஒட்டி நிற்பது சாதாரணம். வேறு ஊரில் பிழைத்துக்கொள்ளும் அளவு அம்மோனியா இங்கே மீனைக் கவிழ்த்துவிடும்.

உப்புத் தண்ணீருக்கும் ஒரு நல்ல குணம் உண்டு. நைட்ரைட் மீனின் செவுள் வழியாக உள்ளே போக முயலும்போது, தண்ணீரில் குளோரைடு இருந்தால் அது போட்டி போட்டு நைட்ரைட்டை ஓரளவு தடுக்கும். புதுத் தொட்டியில் கொஞ்சம் சவர்ப்பான தண்ணீர் மீனைக் காப்பாற்றுவது இதனால்தான். அம்மோனியாவுக்கு இந்தக் காப்பு கிடையாது.

அடுத்தது பிராணவாயு. பள்ளியில் ஹைட்ரில்லாவைப் புனலுக்குள் வைத்து வெயிலில் குமிழி எழும்புவதைப் பார்த்திருப்போமே, தொட்டியிலும் அதேதான். விளக்கு எரியும் வரை செடி பிராணவாயு விடும். விளக்கு அணைந்தால் செடியும் மீனைப் போலவே மூச்சு வாங்கும் ஆள். 30 டிகிரி சூட்டில் தண்ணீர் லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம் பிராணவாயுதான் தாங்கும், 20 டிகிரியில் ஒன்பதுக்குக் கொஞ்சம் மேலே. அதனால் சித்திரை, வைகாசி இரவுகளில் செடி நெருக்கமான தொட்டியில் விடியற்காலை நேரம்தான் ஆபத்து. மீன்கள் விடியலில் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து நின்றால் இரவு முழுக்க ஏர் பம்ப் ஓடட்டும். மின்வெட்டுக்கு பேட்டரியில் ஓடும் சின்னப் பம்ப் ஒன்று கையிருப்பில் வையுங்கள்.

மூன்றாவது பிஹெச் ஏற்ற இறக்கம். பகலில் செடி கரியமில வாயுவை உறிஞ்சுவதால் பிஹெச் ஏறும், இரவில் இறங்கும். பைகார்பனேட் நிறைந்த தண்ணீரில் இந்த ஆட்டம் குறைவு, ஆர்.ஓ. அதிகம் கலந்த தண்ணீரில் அதிகம். காலையில் விளக்குப் போடும் முன் ஒருமுறை, மாலையில் அணைக்கும் முன் ஒருமுறை அளந்து பாருங்கள். தீனியை அள்ளிப் போட்டு, செடி கொஞ்சமாக வைத்திருக்கும் தொட்டியில் மாலை நேர பிஹெச் உயர்வு மிச்ச அம்மோனியாவை இன்னும் விஷமாக்கும். இரண்டு வேளை அளந்தால்தான் அது தெரியும்.

இனி உப்புக்கு வருவோம். வாலிஸ்நேரியா, ஹைட்ரில்லா, ஹார்ன்வோர்ட் மாதிரி சில செடிகள் கரியமில வாயு தீர்ந்துபோனால் பைகார்பனேட்டிலிருந்தே கார்பனை எடுக்கும். அப்போது கால்சியம் கார்பனேட் இலையிலேயே படியும். வாலிஸ்நேரியாவின் பழைய இலை ஒன்றை விரலிடுக்கில் பிடித்து அடியிலிருந்து நுனிவரை இழுத்துப் பாருங்கள். உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று இருக்கும், சாம்பல் வெள்ளையாக ஒரு தோல் உரிந்து வரும். அதன்மேல் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் பொரபொரவென்று நுரைக்கும். அந்த அளவுக்குச் சுண்ணாம்பு தண்ணீரிலிருந்து இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். கடலோரத் தண்ணீரில் முக்கிய உப்பான சோடியமும் குளோரைடும் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். எத்தனை செடி வைத்தாலும் அசையாது.

மணல்

கடற்கரை மணலை அள்ளி வந்து கழுவிப் போடும் பழக்கம் நம் பக்கம் உண்டு. வேண்டாம். அதில் சிப்பித்தூளும் சங்குத்தூளும் கலந்திருக்கும், மெதுவாகக் கரைந்து கடுமையைக் கூட்டிக்கொண்டே இருக்கும். எந்த மணல் என்றாலும் ஒரு கைப்பிடி எடுத்து வினிகர் ஊற்றிப் பாருங்கள். நுரைத்தால் தொட்டிக்கு ஆகாது. அழகுக்குப் பவளக்கல் வைக்கும் எண்ணமும் வேண்டாம். தண்ணீரைக் கெடுக்கும் என்பது ஒரு காரணம், கடலில் கிடைக்கும் கடினப் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கின்றன என்பது இன்னொன்று.

கட்டட வேலைக்கு வந்த ஆற்று மணலைச் சலித்து, கலங்கல் நிற்கும் வரை அலசிப் போட்டால் போதும். முன்பக்கம் 4 செ.மீ., பின்பக்கம் 6 செ.மீ. கனம் இருக்கட்டும். வேர் வழியாகத் தின்னும் செடிகளுக்கு அடியில் உர மாத்திரை ஒன்று புதைத்துவிடுங்கள்.

இந்தத் தண்ணீருக்கு எந்தச் செடி?

தண்ணீரைச் சுத்தம் செய்வதுதான் நோக்கம் என்றால் வேகமாக வளரும் செடி வேண்டும். எவ்வளவு வளர்கிறதோ அவ்வளவுதான் கழிவை எடுக்கும். அனுபியாஸ் பார்க்க அழகு, மாதத்துக்கு ஓரிரண்டு இலைதான் விடும். அதை மட்டும் நாலு வைத்துவிட்டு அம்மோனியா குறையவில்லையே என்று கேட்டால் அதன் மேல் குற்றமில்லை.

என் முதல் தேர்வு வாலிஸ்நேரியா. கடுந்தண்ணீர் அதற்குப் பிடித்த இடம். ஓடுதண்டு விட்டுத் தானே பரவும். அடுத்தது ஹார்ன்வோர்ட். வேரே கிடையாது, மிதக்க விட்டாலும் வளரும், புதுத் தொட்டியின் அம்மோனியாவைப் பிடிக்க இதைவிட மலிவான வழி இல்லை. நட்டவுடன் ஊசி இலை உதிர்ந்தால் ஒரு வாரம் பொறுக்க வேண்டும்.

மூன்றாவது நம் வயல்வரப்பிலும் கண்மாய் ஓரத்திலும் கிடக்கிற நீர்ப்பிரமி. நாட்டு மருந்துக் கடையில் பேர் போன அதே செடிதான், அக்வாரியக் கடையில் பகோபா என்ற பெயரில் விற்கிறது. கொஞ்சம் சவர்ப்பையும் தாங்கும். வெளியிலிருந்து பறித்தால் பூச்சிமருந்து அடித்த வயலாக இருக்கக் கூடாது. நன்றாக அலசி, தனி வாளியில் இரண்டு வாரம் வைத்து, பழைய இலை உதிர்ந்து நீருக்குள் புது இலை வந்த பிறகு தொட்டிக்கு மாற்றுங்கள்.

கிரிப்டோகோரைன் வெண்ட்டி பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம், இலங்கையில் பிறந்த செடி. கடுந்தண்ணீரைத் தாங்கும். இடம் மாற்றினால் மட்டும் கோபித்துக்கொண்டு இலை முழுவதையும் கரைத்துவிடும். வேரைப் பிடுங்காதீர்கள், திரும்ப வரும். கரைந்த இலைகளை அன்றன்றே எடுத்துவிடுங்கள், அவை அம்மோனியாவாக மாறும்.

மிதக்கும் செடிகளில் ஆகாயத்தாமரை அல்லது டக்வீட் கொஞ்சம் போடலாம். இலை காற்றில் இருப்பதால் கரியமில வாயுவுக்குப் பஞ்சமே இல்லை, கழிவை வேகமாக உறிஞ்சும். மேல்மட்டத்தில் பாதிக்கு மேல் பரவ விடாதீர்கள், கீழே வெளிச்சமும் காற்றும் போகாது. சிவப்பு இலைச் செடிகள் நம் வெயிலுக்கும் இந்தத் தண்ணீருக்கும் தாங்குவது அரிது. கடை விளக்கில் பார்த்து மயங்கி வாங்கக் கூடாத வகை.

சென்னை கொளத்தூர் அலங்கார மீன் கடைகளிலிருந்து கூரியரில் வரும் செடி பெரும்பாலும் தண்ணீருக்கு வெளியே வளர்த்ததாக இருக்கும். முதல் மூன்று வாரம் பழைய இலை அழுகுவது இயல்பு. நத்தை முட்டை பசைபோல ஒட்டியிருந்தால் விரலால் தேய்த்து எடுத்துவிடுங்கள்.

நடுவதும் காத்திருப்பதும்

60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலத் தொட்டி, சுமார் 60 லிட்டர் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். முதல் நாளிலேயே தரையில் பாதிக்கு மேல் செடி இருக்க வேண்டும். ஒன்றிரண்டு வைத்து "வளரட்டும்" என்று விட்டால், அந்த இடைவெளியில் பச்சைப் பாசி குடியேறிவிடும். கூடவே ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்று. கரியமில வாயு சிலிண்டர் இந்த வகைச் செடிகளுக்குத் தேவையில்லை.

எல்.இ.டி. விளக்கு முதல் மாதம் தினம் 6 மணி நேரம், அப்புறம் 8 வரை. ஜன்னல் வெயில் படும் இடம் வேண்டாம், சூடும் பாசியும் சேர்ந்து வரும். கடலோர உப்புக்காற்று விளக்கின் திருகு, கிளிப் எல்லாவற்றையும் துருப்பிடிக்க வைக்கும். துரு தண்ணீருக்குள் சொட்டாத மாதிரி பிளாஸ்டிக் கிளிப் உள்ளதாக வாங்குங்கள்.

மீன் இல்லாமல் மூன்று, நாலு வாரம் ஓடட்டும். பாக்டீரியாவுக்கு இரை வேண்டும் என்பதால் இரண்டு நாளுக்கு ஒருமுறை சிட்டிகை தீனி போடுங்கள். அம்மோனியா, நைட்ரைட் இரண்டையும் சொட்டு மருந்துக் கிட்டில் அளந்து, தொடர்ந்து பூஜ்யம் காட்டினால் மீன் விடலாம். டிடிஎஸ் பேனா அம்மோனியாவைக் காட்டாது, அதை நம்பி மீன் விட்டுவிடாதீர்கள். செடி நிறைந்த தொட்டியில் நைட்ரைட் ஏற்றமே கண்ணில் படாமல் போகலாம். அம்மோனியாவைச் செடி முன்கூட்டியே எடுத்துவிடுவதால் அப்படி. முதலில் நாலைந்து மீன், இரண்டு வாரம் கழித்து இன்னும் நாலைந்து.

ஆவியாகும் தண்ணீர்: பலரும் கோட்டைவிடும் இடம்

நம் காற்றிலும் வெயிலிலும் மூடியில்லாத தொட்டியில் ஒரு நாளைக்கு 5 மி.மீ. இறங்குவது ஆச்சரியமில்லை. 60க்கு 30 தொட்டியில் அது 0.9 லிட்டர். போவது வெறும் தண்ணீர், உப்பு அங்கேயே நிற்கும். குறைந்த அளவுக்கு 600 பிபிஎம் தண்ணீரையே ஊற்றி நிரப்பினால், மாதத்தில் 27 லிட்டர் சேரும். அதில் 16 கிராம் உப்பு. 60 லிட்டரில் அது 270 பிபிஎம் கூடுதல். 600இல் தொடங்கிய தொட்டி ஒரே மாதத்தில் 870. தண்ணீர் கண்ணாடி போல இருக்கும், செடியும் பச்சையாக இருக்கும், அம்மோனியா பூஜ்யம் காட்டும். உப்பு மட்டும் ஏறிக்கொண்டே போகும்.

வழி இரண்டு. ஆவியானதை நிரப்ப ஆர்.ஓ. அல்லது மழைத் தண்ணீர் மட்டும். வாரம் ஒருமுறை கால் பங்கை வெளியேற்றி, கலந்து வைத்த தண்ணீரை ஊற்றுவது. செடி வைத்தால் தண்ணீர் மாற்றவே வேண்டாம் என்ற பேச்சு மென்தண்ணீர் ஊர்களுக்கு வேண்டுமானால் பொருந்தும். தொட்டிக்குக் கண்ணாடி மூடி போட்டால் இந்தச் சிக்கலே பாதியாகும். கோடையில் குளிர்விக்க மேலே ஃபேன் வைப்பவர்கள், ஆவியாவது இன்னும் கூடும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கடலோர ஈரக்காற்றில் ஃபேன் அவ்வளவு குளிர்ச்சியும் தராது.

செடி காட்டும் அறிகுறிகள்

புது இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச்சத்துக் குறைவு. பிஹெச் 8இல் சாதாரண இரும்பு உரம் செடிக்கு எட்டாமல் படிந்துவிடும், இரும்பைப் படியாமல் பிடித்துவைக்கும் டி.டி.பி.ஏ. வகை உரம் ஓரளவு உதவும். பழைய இலையில் ஊசிக்குத்து மாதிரி ஓட்டை விழுந்தால் பொட்டாசியம் போதவில்லை. பழைய இலை முழுக்க மஞ்சளானால் நைட்ரேட் பூஜ்யமாக இருக்கும். அப்போது உரம் தேடுவதற்கு முன் மீன் எண்ணிக்கையையும் தீனியையும் பாருங்கள். நைட்ரேட் 10 முதல் 20 பிபிஎம் இருப்பது செடிக்கும் மீனுக்கும் ஒத்துவரும். திரவ உரம் பாட்டிலில் எழுதியதில் கால் பங்கிலிருந்து தொடங்குங்கள். வயலுக்குப் போடும் யூரியாவைத் தொட்டிப் பக்கம் கொண்டுவரவே கூடாது, அது அம்மோனியாவாக மாறும்.

வாலிஸ்நேரியா நுனி பழுப்பானால் கத்தரியால் குறுக்கே வெட்டாதீர்கள், வெட்டிய இடத்திலிருந்து அழுகும். முழு இலையையும் அடியோடு கிள்ளுங்கள். பகோபா, ஹார்ன்வோர்ட் நீண்டால் நுனியை வெட்டி நட்டுவிட்டு அடித்தண்டைத் தூக்கிப் போடுங்கள்.

தூக்கிப் போடும் இடம் ஊருணியாகவோ கண்மாயாகவோ இருக்கக் கூடாது. ஆகாயத்தாமரையும் டக்வீட்டும் ஒரு மழைக்காலத்தில் ஊருணி முழுக்கப் பரவும், குடிக்கிற தண்ணீரை மூடிவிடும். வெட்டியதையெல்லாம் மாடியில் இரண்டு நாள் காயவைத்து, தென்னை மூட்டில் போட்டு மண் தள்ளிவிடுங்கள். தண்ணீர் மாற்றும்போது எடுத்த அழுக்குத் தண்ணீரில் நைட்ரேட் இருக்கும். டிடிஎஸ் 700க்குள் இருந்தால் முருங்கைக்கும் வாழைக்கும் ஊற்றலாம், அதற்கு மேல் என்றால் தென்னைக்கு.